கண்மட்டம்

ஒட்டுசுட்டான் செயலமர்வு, இரண்டாம் நாள்.
வளவாளர் வெண்பலகையில் எழுதினார்:
பிள்ளையோடு பேசும்போது
பிள்ளையின் கண்மட்டத்துக்கு
இறங்குதல் வேண்டும்.

இருபத்தாறு பேரும் முழங்காலில் நின்றோம்.
இல்லை, இருபத்தைந்து பேர்.

எனக்கு வலது முழங்கால் மடங்காது.
இரும்புத்துண்டு இன்னும் உள்ளே;
மழைக்கு முதல் அதுதான் சொல்லும்.
கதிரையைப் பிடித்தபடி நின்றேன்,
பிந்தி வந்த பிள்ளையைப்போல.

மதிப்பீட்டுத் தாளில் இரண்டே கட்டங்கள்:
இறங்கினார். இறங்கவில்லை.
பேனையை மூடாமல் அவர் கேட்டார்,
"அப்ப நீங்கள் என்ன செய்வீங்கள், ரீச்சர்?"

முத்தையன்கட்டில் என் முன்பள்ளி,
அரைச்சுவர்க் கொட்டகை.
கோபிதன் கதைக்க வந்தால்
தூக்கிச் சுவரில் நிறுத்துவேன்.
அங்கே அவன் என்னிலும் உயரம்.
குனிந்துதான் கதைப்பான்,
மெதுவாய், ஒவ்வொரு சொல்லாய்,
எனக்கு விளங்குதோ என்று
கண்ணைப் பார்த்துப் பார்த்து.
இடையில் மூக்கை
என் தோளில் துடைப்பான்.

சொல்லி முடித்தேன்.
இரண்டு கட்டத்துக்கும் வெளியே,
தாளின் ஓரத்தில்
வளவாளர் ஏதோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன், எழுத்து விளங்கவில்லை.

தேத்தண்ணி வந்தது.
முழங்கால் தூசியைத் தட்டியபடி
எல்லோரும் மெல்ல எழும்பினார்கள்.
நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.
முதல் கோப்பை எனக்கு.