பிரட்டு

போன சனிக்கிழமை போட்ட டேட்டா
புதன் விடியமுன்னே வற்றிவிட்டது.
படம் பார்க்கவில்லை. பாட்டுக்கூட இல்லை.
யாரோ இறைக்கிறார்கள்
என் தொட்டியில்.

நோர்வூட் கடைவீதி,
இரும்புக்கடைக்கு மேல் அறை.
ஜன்னல் கம்பியில் சணலால் கட்டிய ரூட்டர்
எதிர்மலைக் கோபுரத்தைப் பார்த்தபடி.
மழைக்கு அதற்கும் ஒரு பொலித்தீன் உறை.

அம்மாவின் தோட்டத்தில் பிரட்டு காலை ஆறரைக்கு.
நான் கூப்பிட்டது
இரவு பதினொன்றரைக்கு.
கறுப்புத் திரையில் வந்து நின்றன
இணைப்பில் ஏறி உட்கார்ந்திருந்தவை எல்லாம்.

வானிலை சொல்கிற ஒன்று.
கூரைத் தகரம் சொல்லாததையா?
பேரை வெட்டினேன்.
தன்னைத் தானே புதுப்பிக்கிற ஒன்று,
அதைப் புதுப்பிக்க இன்னொன்று.
இரண்டையும்.
ஹட்டனில் இந்த மடிக்கணினியை விற்றவர்
மூட மறந்த படக்கணக்கு
இன்னமும் யாருடையதோ கல்யாணத்தை
இறக்கிக்கொண்டிருந்தது.
மணமகள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு
வெட்டினேன்.

ஓரத்தில் ஒன்று,
வாய் திறக்காமல்.
பேரும் பேர்போல இல்லை, எழுத்தும் எண்ணுமாய்.
இறக்கியது பூச்சியம்.
ஏற்றியது மட்டும் இரண்டு ஜிபி.

கம்பனி கொடுத்தது.
ஆஸ்பத்திரி பில் பதிகிற வேலைக்கு
முதல் நாளே போடச் சொன்னார்கள்.
பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
என் திரையைப் படமெடுத்துக்
கொழும்புக்கு அனுப்புகிறது,
கை ஓய்ந்ததா,
தட்டிய எழுத்து எத்தனை என்று.

அம்மா கொழுந்து நிறுக்கிற இடத்தில்
ஈரத்துக்கென்று மூன்று கிலோ கழிக்கிறார்கள்.
ஆனாலும்
தராசுக்கு வாடகை
அவளிடம் கேட்டதில்லை இதுவரை.

வெட்டலாம்.
சுட்டி அதன்மேல்தான் நின்றது.
வெட்டினால் நாளைக்கு அரைப் பேர்.
நாளன்றைக்குப் பேரே இருக்காது.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம்.
பில்களைக் கீழே இறக்கிவிட்டு
பட்டியலைத் திரை முழுக்க விரித்தேன்.
அதன் வரிமேல் நீலம் பூசினேன்,
பேர், நேரம், இரண்டு ஜிபி
எல்லாம் தெளிவாய்த் தெரிகிறமாதிரி.

ரூட்டரில் பச்சை ஒன்று துடித்தது.
போய்ச் சேரட்டும்
என் காசில்
அதன் படம்.

பிறகு விட்ட இடத்திலிருந்து:
ஏழாம் வார்ட், கட்டில் பன்னிரண்டு,
சேலைன் மூன்று போத்தல்,
ஊசிக் கூலி தனி.