இருபத்தொரு டிகிரி

ராத்திரி ஷிப்டு முடிந்து
வெள்ளை உடுப்பைக் கழற்றி மாட்டிய கையோடு
நிலா வாசலுக்கு வந்துவிட்டேன். மணி ஏழாகவில்லை.
விடியவில்லை; குரங்குகள் விழித்தாயிற்று.
இந்தப் பக்கம் ஏறி, கொடிமலையைத் தாண்டி,
அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் இறங்க வேண்டும்.
தூங்கலாமே என்றாள் லைனில் பக்கத்து இருக்கை புஷ்பலீலா.
தூங்கலாம்தான்.

பதினேழு வருஷமாக எங்கள் அறையில்
குளிர் இருபத்தொரு டிகிரி.
தீபாவளிக்கு முதல்நாளும் அதே, வெள்ளம் வந்த இரவும் அதே.
சில்லுகளுக்கு வேர்க்கக் கூடாதென்று
நாங்கள் நடுங்குகிறோம்.
சுவரில் ஒரு சிவப்பு எண் உண்டு.
அது கொஞ்சம் அசைந்தால்
பொறியாளர் சாப்பாட்டை விட்டு ஓடி வருவார்.

படி. வேர். மறுபடி படி.
முதுகில் வேர்வை ஓடி
இடுப்புப் பட்டையில் தேங்குகிறது.
எண்பத்து நாலாம் கொட்டகையில்
சியோக் லான் கோப்பி ஊற்றியபடி
கைபேசியைக் காட்டுகிறாள்: மழை பதினொரு மணிக்கு.
கைபேசியில் பதினொன்று.
மலையில் ஒன்பதரை.

முதலில் இலைகளின் மேல் மட்டும் சத்தம்,
நான் நனையவில்லை.
அப்புறம் இலைகள் கைவிட்டன.
கோட்டை மாட்டி முடிப்பதற்குள் வெயில்.
கோட்டைச் சுருட்டி முடிப்பதற்குள்
வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேகம்
பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது,
வழிவிடாத மாடு மாதிரி.
அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

உச்சியில் பத்தொன்பது என்றது பலகை.
இரண்டு டிகிரிதானே என்று நினைத்தேன்.
ஈரச் சட்டையில் காற்று நுழைந்து
கணக்குச் சொல்லிக் கொடுத்தது.
படமெடுக்க வந்தவர்கள்
கீழே கடலையும் பாலத்தையும் காணாமல்
வெள்ளைத் திரைக்கு முன்னால்
ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள்.

மேற்குச் சரிவில் மழை
மறுபடியும், இந்தத் தடவை பக்கவாட்டில்.
பாதை ஓடையாகி, ஓடை பாதையாகி,
நான் இரண்டிலும் இல்லாமல் கொஞ்ச நேரம்
மூங்கில் புதருக்குள் நின்றேன்.
சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது.
கட்டக் குனிந்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.
மைக்ரோனில் குறை பார்க்கும் விரல்கள்.
கணுக்காலில் ஒரு அட்டை,
அவசரமே இல்லாமல்.

டுரியான் தோட்டத்து வலைகளுக்கு நடுவிலிருந்து
டில் பகதூர் வந்தான். காலில் ரப்பர் செருப்பு,
கையில் விரிக்காத குடை.
என் கைகளைப் பார்த்தான்.
"இனி செஜுக் கா?" இதெல்லாம் குளிரா என்று
மலாயில் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.
அவன் ஊரில் தண்ணீர் கல்லாகுமாம்.
சிரித்துக்கொண்டே குனிந்து
என் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டான்,
டுரியான் காம்பை வலையோடு கட்டுகிற முடிச்சு.
இடுப்பிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை உருவி
கைகளில் மாட்டிவிட்டான்.
பைக்குள் என் சூடே என்னிடம் திரும்பி வந்தது.
பழத்தின் மணத்தோடு.

அதற்குப் பிறகும் நடுங்கினேன்.
ஆனால் அந்த நடுக்கத்தை
எந்தச் சில்லுக்காகவும் செய்யவில்லை.
யாருக்கும் லாபமில்லாத நடுக்கம்.
அதைத் தூக்கிக்கொண்டு
ஜாதிக்காய் மரங்கள் வரைக்கும் இறங்கினேன்.
அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது,
மழையா, எப்போது என்பது போல.

நாலே காலுக்குப் பேருந்து.
ஏறியதும் தெரிந்தது, குளிரூட்டியை
முழுசாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.
தலைக்கு மேலே காற்றுத் துளையின் மூடி உடைந்திருந்தது.
ஓட்டுநரிடம் சொன்னேன்.
ஒரு வருஷமாக அப்படித்தான் என்றார்.

பைகளை எடுத்து
மறுபடியும் கைகளில் மாட்டிக்கொண்டேன்.
எதிர் இருக்கைப் பையன்
அம்மாவை இடித்துக் காட்டினான்.
காட்டட்டும்.
பத்து மணிக்கு ஷிப்டு.
அதுவரை என் கைக்குள் என்ன வானிலை என்று
எந்தச் சுவருக்கும் தெரியாது.