ஏழாவது குளம்

வானொலியில் சொன்னார்கள்:
நூற்றுச் சொச்சம் ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோள்,
தண்ணீர் இருக்கலாம்,
சூடு அளவாய் இருக்கலாம்.
அந்த ‘லாம்’ எனக்குப் பிடித்திருந்தது.
என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்.

பாகாவ் டவுனிலிருந்து மோட்டோவில் இருபது நிமிடம்.
செம்பனை ஆலை, அதன் முதுகில் ஏழு குளங்கள்.
பழம் அவித்த கழிவுநீர் முதல் குளத்தில் விழும்போது
எண்பது டிகிரி, புளிக்குழம்பின் நிறம்.
ஒருமுறை தெறித்த வடு
மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது, பயறளவு.
ஒவ்வொன்றாய் வழிந்து ஆறி
ஏழாவதுக்கு வரும்போது அதற்குத் தண்ணீர் என்று பேர்.
பேர் சரியா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பாய்லர்க்கார அஞ்சப்பன்
ஆ லெங்கின் மீன்குட்டையில் ஐந்து திலாப்பியா வாங்கி
பிளாஸ்டிக் பையோடு வந்தார்.
“மீட்டர் சொல்றத விடும்மா, மீன் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”
ஏழாவதில் கவிழ்த்தார்.

மறுநாள் ஐந்தும் வயிறு மேலாக.
வலையில் அள்ளிக்கொண்டே மிசானூர் கேட்டான்,
“பானாஸ் கெ, காக்?”
சூடு இல்லை, தம்பி. முப்பதுதான்.
தண்ணீர் தெளிவு, வெளிச்சம் தாராளம்.
மூச்சுதான் இல்லை.

அன்றிரவு கைப்பேசியில் படித்தேன்.
சூரியனிலிருந்து சரியான தூரம் வேண்டுமாம்.
ஏறக்குறைய அதே தூரத்தில்தான் நிலவும் சுற்றுகிறது,
பாவம், ஒரு பாசி இல்லை.
காற்றைப் பிடித்துவைக்கக் கனம் வேண்டுமாம்.
வயிற்றுக்குள் இரும்பு உருகிப் புரள வேண்டுமாம்.
இத்தனையும் வாய்த்த இங்கேயே
நூறு கோடி ஆண்டுக்கு மேல்
மூச்சுக்காற்று இல்லாமல்தான் உயிர் கிடந்ததாம்.
கண்ணில்லை, செதிலில்லை.
சேறு, குமிழி, நாற்றம்.

எனக்கு மூன்றாம் குளம் ஞாபகம் வந்தது.

செத்த குளம் என்பார் துவான் ரோஸ்லான்.
விருந்தாளிகளை அந்தப் பக்கம் கூட்டிப்போக மாட்டார்.
மேலே ஏடு, கொக்கு நடக்கும் தடிப்பில்.
இரவு ஷிஃப்டில் காது கொடுத்தால்
அடுப்பில்லாமல் கஞ்சி கொதிக்கும்.
அதன் சேற்றில் ஒரு சொட்டு எடுத்தால்
நெகிரி செம்பிலான் ஜனத்தைவிட அதிகம் பேர்.
காற்றுப் பட்டால் சாகிறவர்கள்.
நாம் கொட்டியதைத் தின்று
தாங்கள் கழித்ததை மேலே விடுகிறவர்கள்.

அப்படித்தான் எப்போதோ
வெயிலைத் தின்னப் பழகிய ஏதோவொன்று
வேண்டாமென்று துப்பியது.
இழுப்பு வந்த இரவுகளில்
வாய் பிளந்து நான் கெஞ்சுவது
அந்த எச்சிலுக்குத்தான்.

ஆறாவதில் துடுப்புச் சக்கரம் நின்று மூன்று வாரம்.
பாகம் கிள்ளானிலிருந்து வரும், வரும்.
அஞ்சப்பன் கடைசியில்
தன் பழைய மோட்டோச் செயினைக் கழற்றி மாட்டினார்.
சக்கரம் இருமியது,
நின்றது,
பிறகு தண்ணீரை அறைய ஆரம்பித்தது.
ஒரு வாரம் அறைந்தது.

இரண்டாம் தடவை மூன்றே மீன்.
ஐந்துக்குக் காசு கொடுக்க அவர் தயாரில்லை.

இன்று ஏழாவதிலிருந்து மாதிரி எடுத்தேன்.
குமிழி நுழையாமல் குப்பியை மூடி
முப்பது டிகிரியில், இருட்டில்,
மூன்று நாள் வைக்க வேண்டும்.
உள்ளே இருப்பவர்கள்
எவ்வளவு மூச்சைச் செலவழித்தார்கள் என்பதுதான் கணக்கு.
நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

பெட்டியைச் சாத்திவிட்டு வந்தால்
கரையில் குந்தியிருக்கிறார் அஞ்சப்பன்,
பசியாற வைத்திருந்த ரொட்டியைக் கிள்ளிப் போட்டபடி.

“வந்துச்சா?”

“ரெண்டு வந்துச்சு.”
கையில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு
தண்ணீரையே பார்த்தார்.
“மூணாவது இருக்கலாம்.”