ஈரக் கழிவு

தவக்காலத்து இரண்டாம் திங்கள்.
விடியற்காலைப் பூசையில் பங்குச்சாமிக்குச் சளி,
வாசகத்தை இருமி இருமி வாசித்தார்.
நீங்கள் அளக்கும் அளவையே உங்களுக்கும்
என்ற இடத்தில் நின்றுவிட்டார்.
அவர் நின்றது இருமலுக்கு.
எனக்கு அப்படிப் படவில்லை.

நான் அளக்கிறவள்.
தங்கச்சிமடம் தென்கரையில் நண்டுக் கம்பெனி,
தகரக் கூரை, ஐஸ் பெட்டி நாலு,
சிவப்பில் எண் ஓடும் தராசு ஒன்று.
கிலோவுக்கு ஐம்பது கிராம் ஈரக் கழிவு.
கடல் தண்ணிக்கு நான் காசு தர முடியுமா என்பார் முதலாளி.
சொட்டச் சொட்ட வந்தாலும் ஐம்பது.
வெயிலில் நுரை வற்றி
கால் மடங்கிக் கிடந்தாலும் ஐம்பது.
பதினொரு வருஷமாய் என் சுட்டுவிரல்
அந்தப் பொத்தானை அழுத்துகிறது.
பொத்தானில் எழுத்து அழிந்துவிட்டது.
விரலில் ரேகையும்.

இன்னொன்றும் வாசித்தார் சாமி:
அமுக்கி, குலுக்கி, சரிந்து விழும்படி
மடியில் போடுவார்களாம்.
மடி என்றதும் பின்வரிசை ஆண்கள் நிமிர்ந்தார்கள்.
இந்தக் கரையில் மடி என்றால் வலையின் வயிறு.
மூன்று வாரமாய் அதில்
பாசிதான் சரிந்து விழுகிறது.

ஆறரைக்கு நம்புச்செல்வி வந்தாள்.
அவள் கும்பிடுவது நம்புநாயகியை.
கோவில் வேறு, தராசு ஒன்றுதான்.
வாளியில் ஒன்பது நண்டு.
"சினை ரெண்டைக் கடல்லயே விட்டுட்டேன் அக்கா"
நான் கேட்கவேயில்லை.
எண் நடுங்கி நடுங்கி நின்றது:
ஒரு கிலோ அறுநூற்று நாற்பது.
விரல் தானாகப் போனது.
போய், தொடாமல் நின்றது.
நின்றதை அப்படியே எழுதினேன்.
சீட்டைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்,
அடியில் குனிந்தும் பார்த்தாள்.
"மெஷின் ரிப்பேரா அக்கா?"

பதினொரு வருஷத்தில் இன்றுதான் சரியாய் நிறுத்தேன்.
அதைப் பழுது என்கிறாள்.
சிரிக்கத்தான் நினைத்தேன்.
தொண்டையில் நண்டுக்கால் மாதிரி ஏதோ குறுக்கே நின்றது.

அப்புறம் யாருக்கும் கழிக்கவில்லை.
இல்லை, பொய்.
பஸ்கால் வந்தான்.
கொல்லைச் சுவரை எங்கள் பக்கம்
ஒரு முழம் தள்ளிக் கட்டியவன்.
அவனுக்கு மட்டும் கழித்தேன்.
ஈரம் கூடுதலாய்த் தெரிந்தது; எழுபது.
காலையில் வாங்கிய நன்மை
நாக்கில் இன்னும் கரையாதது போலிருந்தது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

சாயந்தரம் கணக்கில் ஒன்றேகால் கிலோ உதைத்தது.
முதலாளி சத்தம் போடவில்லை.
என் கூலியில் ஐந்நூறு கழித்தார்.
அதற்கும் வாசகம் இருக்கும்,
அன்றைக்கு எனக்குத் தேடத் தெம்பில்லை.

இருட்டி வீடு சேர்ந்தால்
தண்ணி லாரி வந்து போயிருந்தது.
போச்சு, நாளைக்கு உப்புத் தண்ணிதான் என்று
வாசலுக்கு வந்தால்
என் குடம் நாலும் நிறைந்திருந்தன.
கழுத்துவரை இல்லை, விளிம்புவரை.
தளும்பி வழிந்து
வாசல் மணல் கறுத்துக் கிடந்தது.
எதிர்வீட்டுச் சலோமி சொன்னாள்:
"பஸ்கால் அண்ணன்தான் வரிசையில நின்னு பிடிச்சு வச்சார்."

அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றேன்.
எத்தனை கிராம் என்று
கால் கணக்குப் போட்டது.
சுவர் அங்கேயேதான் இருந்தது, ஒரு முழம் உள்ளே.
போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
விளக்கு எரிந்தது அவன் வீட்டில்.
நான் போகவில்லை.

செவ்வாய்.
சாமிக்கு இருமல் தேவலை.
சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி
மக்கள் தோளில் ஏற்றுகிறார்கள்,
தாங்களோ ஒரு விரலாலும் அசைக்க மாட்டார்கள் என்று
எங்கும் நிற்காமல் வாசித்துப் போனார்.

சுட்டுவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.
பாம்பன் பக்கம் ரயில் ஊதியது.
ஆறரைக்கு வாளிகள் வரும்.