மழைக்குப் பின் மாட்டிய படங்கள்

சர்க்குலர் சாலை மதுக்கடையில்
பதினோரு ஐரிஷ் எழுத்தாளர்கள்
ஆணியில் தொங்குகிறார்கள்.
ஒருவர்கூடக் கடன் தீர்த்துவிட்டுச் செத்தவரில்லை.

கடையை விற்று ஊர் திரும்பிய ஃபின்பார்
படங்களோடு கதைகளையும்
திருமதி டேயிடம் ஒப்படைத்தான்.
நாற்காலி நாற்பது, பீர்க்குழாய் ஆறு,
அதற்கடுத்த வரியில் ‘கதைகள்’ என்று
பட்டியலிலேயே இருந்ததாம்.

ஒருவன் சட்டையை அடகு வைத்து மசி வாங்கியவன்.
குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் எழுதி
வசந்தத்தில் சட்டையை மீட்டு
அன்றிரவே அதைப் பந்தயத்தில் தோற்றவன்.
ஒருத்தி ஆண்பெயரில் எழுதினாள்.
அந்த ஆணைத் தேடிவந்த கடன்காரர்களிடம்
போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அழுது காட்டி
இரங்கல் கட்டுரையும் தானே எழுதி
அதற்கும் கூலி வாங்கினாள்.
இன்னொருவனுக்கு ஊர்ப் பாதிரி
மூன்று ஞாயிறு சாபம் விட்டார்.
நான்காம் ஞாயிறு
புத்தகம் மூன்றாம் பதிப்பு.

உண்மையா என்று ஒருமுறை கேட்டேன்.
பீரில் நுரை எவ்வளவு உண்மையோ
அவ்வளவு, என்றார் திருமதி டே.

டிசம்பர் மழையில் கூரை ஒழுகிச்
சுவரெல்லாம் ஊறிய இரவு
படங்களைக் கழற்றி
மேசைமேல் கவிழ்த்து உலர்த்தினோம்.
பின்பக்கம் பெயர் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
சட்டம் போட்ட கடையின் முத்திரை இருந்தது,
ஒரு ஈசலின் இறகு இருந்தது.
எந்த முகத்துக்கு எந்த வாழ்க்கை?
எனக்கும் தெரியவில்லை, அவருக்கும்.
குத்துமதிப்பாக மாட்டினேன்.
சட்டையை அடகு வைத்தவன் இப்போது
பாதிரியிடம் சாபம் வாங்குகிறான்.
வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை,

ஒருவரைத் தவிர. கப்பல் இன்ஜினியர், கின்சேல்காரர்.
துவாஸில் கப்பல் பழுதாகி நின்ற
ஒன்பது நாளும் வந்தார்.
ஒன்பதாம் நாள்
செத்த கணவனை எழுதிப் பிழைத்தவளைக் காட்டி
இது எங்கள் பிரீட் அத்தை, என்றார்.
அவள் ஒரு வரி எழுதியதில்லை.
அஞ்சலகத்தில் இருந்தாள்.
ஊர்க் கடிதமெல்லாம் கெண்டி ஆவியில் பிரித்துப்
படித்துவிட்டு ஒட்டிக் கொடுப்பாள்.
படம் இவ்வளவு தூரம் வந்தது எப்படி என்று
அவருக்கும் விளங்கவில்லை.
கறுப்பு பீர் ஒரு கோப்பை வாங்கி
அத்தைக்கு எதிரே வைத்துவிட்டுக்
குடிக்காமல் போனார்.
நான் குடித்தேன்.

பதினோராவது படம் தேறவில்லை.
முகம் இருந்த இடத்தில் கோப்பிக் கறை மாதிரி ஒன்று.
நேற்று ஒரு பயணி அதைக் காட்டி
இவர் யார் என்றாள்.
திருமதி டே கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் சொன்னேன்:
நோரீன் மக்கார்டில். கவிஞர்.
இரவில் மதுக்கடையில் கோப்பை கழுவினாள்.
ரசீதுத் தாளின் பின்பக்கம்தான் எழுதுவாள்.
எழுதியதைக் கடைசி யீஷூன் பேருந்தில்,
மன்னிக்கவும், கடைசி ட்ராமில்
படித்துப் பார்த்துப்
பாதியை இருக்கை இடுக்கில் செருகிவிட்டு இறங்குவாள்.
மீதியைப் பார்த்த கணவன்
வீட்டுக் கணக்கு என்று நினைத்தான்.

எந்த நூற்றாண்டு?
அதற்குள் இரண்டாம் மேசை கூப்பிட்டது.
திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள்.
எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
எதுவும் அச்சில் இல்லை, என்றேன்.
அவள் முகம் வாடியது, நிஜமாகவே.
இரண்டு வெள்ளி கூடுதலாக வைத்தாள்.
ரசீதைக் கிழித்து நீட்டினேன்.
வேண்டாம், என்றாள்,
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.