மரியாதை

செங்குன்றத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த வாத்து.
தோல்பக்கம் கீழே. எண்ணெய் வேண்டாம்,
தன் கொழுப்பில் தானே பொரியும் என்கிறேன்.
நம்பாமல் நிற்கிறாள் ரோசில்டா.

ஜப்பான் நூடுல்ஸுக்குத் தண்டையார்பேட்டையில் எங்கே போக?
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில்
கெஞ்சி வாங்கிய மஞ்சள் இழை.
சோயா சாஸ், வெல்லம், கருக்கிய வெங்காயத்தாள்.

யோகஹாமாவில் கப்பல் நின்ற நாலு நாளும்
தனியாகக் குடித்த சாறு.
"சத்தமா உறிஞ்சணும், அதான் அங்க மரியாதை."
"உங்கப்பா டீ குடிக்கறப்பல்லாம் காட்டுற மரியாதையா?"

கிண்ணத்தில் ஊற்றவும்
தண்ணி லாரி ஹாரன்.

குடங்களோடு மூணு மாடி இறங்கி,
சண்டை போட்டு, ஏறி வந்தால்
சாறே இல்லை.
அத்தனையும் குடித்து
உப்பிக் கிடக்கிறது நூடுல்ஸ்.

கரண்டியால் வெட்டித் தின்கிறாள்.
"வாத்து நல்லாருக்கு.
களிதான் கொஞ்சம் உப்பு."