மூன்று விநாடி

வெளியேறும் காரணம் என்ற கட்டத்தில்
ஐந்தே விடைகள், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.
பெல்சியா 'மேற்படிப்பு' என்று சொடுக்கினாள்.
அவள் எதுவும் படிக்கப் போகவில்லை.
ஒன்பது மணிக்குமேல் தாம்பரம் கேபை
நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு
அந்தப் பட்டியலில் இடமில்லை.
நேற்றுச் சேர்ந்த பையனுக்குத் தன்னைவிட
நாலு லட்சம் அதிகமென்று
பிரிண்டரில் யாரோ மறந்த தாளில்
பார்த்ததற்கும்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கேக்.
போன மாதம் சப்தகிரிக்கு வெட்டிய
அதே பிளாஸ்டிக் கத்தி,
கழுவி டிராயரில் வைத்திருந்தது.
வாசலில் தாண்டவமூர்த்தி கையெழுத்து வாங்கிக்கொண்டு
அடையாள அட்டையைச் செருப்புப் பெட்டியில் போட்டார்.
பெட்டி நிறைய முகங்கள்.
"இந்த வருஷம் இது ரெண்டாவது பெட்டி மேடம்."

வேலை ஒப்படைக்கப் பதினோரு நாள்.
யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவாகவே
அதில் நாலு நாள் போனது.
பிறகு என்னிடம்.
திரையைக் காட்டிக்காட்டிப் பேசினாள், பதிவு செய்தோம்.
இருபது மணி நேரப் பேச்சு.
நானே இன்னும் திறக்கவில்லை.

செவ்வாய், நள்ளிரவு தாண்டி இரண்டு பத்து.
ஆஸ்பத்திரி பில்கள் அப்படியே நின்றன.
அங்கே இன்னும் மாலைதான்.
வீட்டுக்குப் போக உடை மாற்றியவர்கள்
சக்கர நாற்காலியில் காத்திருந்தார்களாம்.
தேடித்தேடி அந்த வரியைக் கண்டேன்,
இல்லாத வரியை:
மூன்று விநாடி சும்மா இரு.
வேகம் கூட்டலாமென்று புதுப் பையன்
திங்களன்று எடுத்துவிட்டிருக்கிறான்.
மேலிருந்த குறிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தான்:
'இதைத் தொடாதீர்கள். இ.ப.'

பெல்சியா உடனே எடுத்தாள்.
அவள் புது ஆபீஸ் எதிர்க் கட்டடம்தான், ஏழாவது மாடி,
விளக்கெரிவது தெரிகிறது.
"ஏன்னு தெரியாதுக்கா.
தொடாதேன்னு சப்தகிரி சொன்னான்."
சப்தகிரிக்குச் சொன்னது நஸ்ரின்.
நஸ்ரின் கனடாவில் வாசற்பனி தள்ளிக்கொண்டே
"இளம்பரிதிக்குத்தான் தெரியும்" என்றாள்.
நீங்கள் அழைக்கும் எண்
தற்போது உபயோகத்தில் இல்லை.

வரியைத் திரும்ப எழுதினேன்.
மூன்று விநாடி.
பில்கள் நகர்ந்தன.
அந்த மூன்று விநாடியும் அது
யாருக்காகக் காத்திருக்கிறதோ.

ஏஜென்சி கமிஷன், பயிற்சி,
காலி நாற்காலிக்கு இத்தனை நாள் என்று
ஒரு ஆள் போவதன் விலையைக்
காலாண்டுக் கூட்டத்தில் காட்டுவார்கள்.
இளம்பரிதி அதில் எந்த வரிசையில் வருவான்?

விடியும்போது சோழிங்கநல்லூர் சிக்னல்.
மெட்ரோத் தூண்களுக்கு இந்தப் பக்கம் ஒரு கேப் வரிசை,
அந்தப் பக்கம் ஒன்று, எதிரெதிராக.
பையன் டீ வாங்கித் தந்தான்.
முகம் செத்திருந்தது.
"நீங்க இங்க எத்தனை வருஷமாக்கா?"
ஆறு என்றேன்.
மருத்துவமனை வாசலில் தெரிந்தவரைப்
பார்த்தது போலப் பார்த்தான்.

அவன் மேல் கோபமில்லை.
உட்கார், முதலிலிருந்து காட்டுகிறேன்,
சீக்கிரம் கற்றுக்கொள் என்றேன்.
தலையாட்டினான்.
எதற்கு அவசரம் என்று கேட்கவில்லை.

எனக்கு நோட்டீஸ் காலம் தொண்ணூறு நாள்.
கடிதத்தில் தேதி மட்டும்
இன்னும் போடவில்லை.